மடி சுரக்கும் எதிர்ப்பொருள்

தென்காசி மாவட்டத்தின் தொழுவங்களில் ஆண்டுக்கு இரண்டு சுற்றாகப் போடப்படும் கோமாரித் தடுப்பூசியின் பயன், ஊசி ஏறிய மாட்டோடு முடிந்துவிடுவதில்லை. சினைமாட்டுக்கு உரிய காலத்தில் அது போடப்பட்டிருந்தால், கோமாரி வைரசை எதிர்க்க அந்த மாட்டின் உடல் உருவாக்கிய புரதங்களில் ஒரு பெரும்பங்கு, கன்று ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே குருதியை விட்டு மடிக்குள் இறங்கி, ஈன்ற நாளில் கறக்கும் சீம்பாலில் திரண்டு நிற்கிறது. செங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ பிறக்கும் ஒரு கன்று அந்தப் பாலைக் குடிக்கும்போது, தனக்குப் போடப்படாத ஊசியின் காவலைத் தாயிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. நோய்க்கிருமிக்கு எதிராகக் கால்நடைக்குத் தடுப்பூசி போட்டு, அதனால் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பாலிலிருந்து எடுத்து மனிதருக்கு மருந்தாக்கலாம் என்று நூறாண்டுக்கும் மேலாக அறிவியலாளர் செய்துவரும் முயற்சிகள் அனைத்துக்கும் தொழுவத்தில் நடக்கும் இந்த நிகழ்ச்சியே அடிப்படை. அதன் ஆற்றலும் எல்லையும் கன்றிடத்திலேயே தெளிவாகத் தெரிவதால், அங்கிருந்து தொடங்குவதே முறை.

தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் ஒன்றை ஒட்டிய மாவட்டம். புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலை அதனைக் கேரளத்தோடு இணைக்கிறது. அதே கணவாய் வழியாகத்தான் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவருகிறது. கோமாரி வைரஸ், நோயுற்ற மாட்டின் மூச்சு, உமிழ்நீர், பால் ஆகியவற்றின் வழியாகவும், மாட்டைத் தொட்ட கைகள், தீவனம், வண்டிச் சக்கரம் ஆகியவற்றின் வழியாகவும் பரவுவது. வறண்ட காற்றில் விரைவில் செயலிழக்கும் அது, காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே கால்நடைகள் இடம் மாறும் வழியும் ஈரக்காற்றும் ஒருங்கே அமைந்த நிலப்பகுதியில் தடுப்பூசிச் சுற்று ஒன்று தவறினால் அதன் விலை பெரிது. வளர்ந்த மாட்டுக்கு வாயிலும் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் மடிக்காம்பிலும் கொப்புளம் எழும், கறவை வீழும். இளங்கன்றிலோ கொப்புளம் தோன்றும் முன்பே வைரஸ் இதயத் தசையைத் தாக்கிவிடுவதால், முதல்நாள் துள்ளிய கன்று மறுநாள் இறந்து கிடப்பதுண்டு. கன்றுக்குத் தாய்வழிக் காவல் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

விலங்கு நோய் ஒன்றுக்கு வைரஸ் காரணம் என்று முதன்முதலில் அறியப்பட்டதும் கோமாரியில்தான். ஜெர்மானிய அறிவியலாளர்களான பிரீட்ரிக் லோஃப்லரும் பால் ஃப்ரோஷும் 1898 ஆம் ஆண்டு, பாக்டீரியாவைத் தடுத்துவிடும் நுண்வடிகட்டியையும் தாண்டி இந்நோயின் கிருமி செல்வதைக் காட்டினர். இன்று இந்தியாவில் போடப்படும் தடுப்பூசியில், ஓ, ஏ, ஆசியா 1 என்னும் மூன்று வகைக் கோமாரி வைரஸ்கள், நோய் உண்டாக்க இயலாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டு அடங்கியுள்ளன. 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இது நாடு முழுவதும் கட்டணமின்றிப் போடப்படுகிறது.

ஊசி போட்டபின் மாட்டின் உடலுக்குள் நடப்பது இது. செயலிழந்த வைரசின் மேற்பரப்புப் புரதங்களை உடல் அயற்பொருளாக இனங்காண்கிறது; அவற்றோடு பொருந்தும் ஏற்பிகளைக் கொண்ட பி லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் பெருகி, எதிர்ப்பொருள் எனப்படும் புரதத்தை இரண்டு, மூன்று வாரங்களில் குருதியில் நிறைக்கின்றன. எதிர்ப்பொருள் கவைக்கோல் வடிவான ஒரு மூலக்கூறு. அதன் இரு கிளை நுனிகளும் வைரசின் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பற்றும்படி அமைந்திருக்க, அடித்தண்டு உடலின் பிற பாதுகாப்பு அமைப்புகளை அழைக்கும் பணியைச் செய்கிறது. ஒரே தடுப்பூசிக்கு விடையாக ஒரே வகை எதிர்ப்பொருள் மட்டும் தோன்றுவதில்லை. வைரசின் வெவ்வேறு மூலைமுடுக்குகளைப் பற்றும் பலவகை எதிர்ப்பொருள்கள் ஒருசேரத் தோன்றுகின்றன. வைரஸ் ஓரிடத்தில் உருமாறித் தப்ப முயன்றாலும் மற்றோரிடத்தில் பிடிபடுவதற்கு இந்தப் பன்மையே காரணம். ஆய்வுக்கூடத்தில் ஒரே வகையாகத் தயாரிக்கப்படும் எதிர்ப்பொருள் மருந்துகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு இவ்வாறு பாலுக்கு வாய்க்கிறது.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் கருவறையிலேயே கிடைத்துவிடுகிறது. மனித நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு சிறப்பு ஏற்பி, இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் வகை எதிர்ப்பொருளைத் தாயின் குருதியிலிருந்து அள்ளிக் குழந்தையின் குருதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மாட்டில் இந்த வழி அடைபட்டுள்ளது. தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் நடுவே ஆறு திசு அடுக்குகள் இருப்பதால் எதிர்ப்பொருள் எதுவும் கடந்துபோவதில்லை. ஈன்றபின் விழும் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தென் மாவட்டங்களில் உண்டு. உணவையும் உயிர்வளியையும் கருவுக்குக் குறையின்றிக் கொடுத்த அந்த உறுப்பு, எதிர்ப்பொருளை மட்டும் கொடுக்க இயலாமல் போகிறது. கன்று நோய்க்காவல் ஏதுமின்றிப் பிறக்கிறது.

அந்தக் குறையை மடி ஈடுசெய்கிறது. மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அதன் கடைசி நான்கைந்து வாரங்களில், பால் வற்றியிருக்கும் மடியின் சுரப்பணுக்கள், இம்யூனோகுளோபுலின் ஜி 1 என்னும் உள்வகையைக் குருதியிலிருந்து தேர்ந்தெடுத்து இழுக்கத் தொடங்குகின்றன. மடி எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் தானே செய்வதில்லை, குருதியில் இருப்பதை வாங்கிச் செறிவாக்குகிறது என்பது இங்கே முதன்மையான செய்தி. தாயின் குருதியில் அதன் அளவு கண்கூடாகக் குறையும் அளவுக்கு இந்த இழுப்பு வலிமையானது. இதனால் நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை எதிர்ப்பொருள் இருக்கிறது. கறவைக்குக் கறவை அது விரைந்து சரிந்து, சாதாரணப் பாலாக மாறியபின் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே தடுப்பூசியால் எழும் எதிர்ப்பொருள் குருதியில் உச்சத்தைத் தொடும் நாட்களும் மடி அதனை இழுக்கும் நாட்களும் ஒன்றாக அமையவேண்டும். ஏழு, எட்டாம் மாதச் சினையில் போடப்படும் ஊசிக்கே அந்தப் பொருத்தம் கிட்டுகிறது. கருச்சிதைவு அச்சத்தால் நிறைமாதச் சினைமாட்டுக்கு ஊசி போடத் தயங்குவோர் பலர். அந்தத் தயக்கத்தை உதறித் தள்ளுவதைவிட, ஊசியைச் சற்று முன்பே திட்டமிட்டுப் போடுவது மாட்டுக்கும் கன்றுக்கும் நல்லது.

சீம்பாலில் எதிர்ப்பொருள் இவ்வளவு செறிந்திருப்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தென்காசிப் பகுதியின் எந்த அடுக்களையும் அதைக் காட்டிவிடும். சீம்பாலோடு வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வைத்தால், உறைமோரோ எலுமிச்சையோ இல்லாமலேயே அது கட்டியாக இறுகுகிறது. சாதாரணப் பாலை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அவ்வாறு இறுகாது. அதன் முதன்மைப் புரதமான கேசீன் வெப்பத்தைத் தாங்குவது. எதிர்ப்பொருள் உள்ளிட்ட மற்றப் புரதங்கள் வெப்பத்தில் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்பவை, சீம்பாலை இறுகவைப்பவை அவையே. அவ்வாறு அவிழ்ந்தபின் வைரசைப் பற்றும் வடிவம் அவற்றுக்கு இருப்பதில்லை. அவித்த சீம்பால் சுவையும் சத்தும் மிக்க உணவு, எனினும் எதிர்ப்பொருள் என்ற முறையில் அதற்குப் பயன் இல்லை. பச்சையாகக் குடிப்பதோ, எலும்புருக்கி நோய்க்கும் புருசெல்லா காய்ச்சலுக்கும் வழி திறந்துவிடும் செயல். அதைச் சிறிதும் ஊக்குவிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. 60 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சீராக வைத்திருந்தால் பெரும்பாலான கிருமிகள் அழிய, எதிர்ப்பொருள் பெரும்பாலும் சேதமின்றித் தங்குகிறது. கன்றுகளுக்கான சீம்பாலைப் பண்ணைகளில் இப்படித்தான் பக்குவப்படுத்துகிறார்கள்.

பிறந்த கன்றின் சிறுகுடல், புரதங்களை முழு மூலக்கூறாகவே உள்வாங்கிக் குருதிக்கு அனுப்பும் திறனோடு இருக்கிறது. அந்தத் திறன் முதல் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு குறையத் தொடங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முற்றிலும் நின்றுவிடுகிறது. இதனைக் குடல் அடைப்பு என்பர். அதற்குள் குடித்த சீம்பாலின் எதிர்ப்பொருள் குருதியில் கலந்து, உடல் முழுவதும் சுற்றி, தொண்டை வழியாக நுழையும் கோமாரி வைரசையும் எதிர்கொள்கிறது. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று கருதும் வீடுகளில், கன்றுக்கு வாய்க்கவேண்டிய மணிகள் வீணாகின்றன.

இரவலாகக் கிடைத்த இந்தக் காவலுக்குக் காலவரம்பு உண்டு. கன்றின் உடல் அதைப் புதிதாகச் செய்வதில்லை; ஆதலால் வாரங்கள் செல்லச் செல்ல அது தேய்ந்து மறைகிறது. இருக்கும் வரையில் அது மற்றொரு விளைவையும் உண்டாக்குகிறது. சின்னஞ்சிறு கன்றுக்குத் தடுப்பூசி போட்டால், தாயின் எதிர்ப்பொருள் ஊசியிலுள்ள வைரஸ் புரதத்தையே பற்றி மறைத்துவிட, கன்றின் வெள்ளணுக்கள் பாடம் கற்காமல் போகின்றன. கோமாரி ஊசியைக் கன்றுக்கு நான்கு மாதம் ஆனபிறகே தொடங்குவதற்கும், பின்னர் ஊக்க ஊசி போடுவதற்கும் காரணம் இதுதான். ஆடுகளிலும் இதே கணக்கு உண்டு. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் மேயும் கன்னி ஆடுகளின் குட்டிகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மூன்று மாதம் கடந்தபிறகு போடப்படுகிறது. அந்நோய்க்கு இந்தியாவில் உருவான தடுப்பூசி வைரஸ்களுள் ஒன்றான அரசூர் 87, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆக்கம்.

தாய்க்கு ஏற்றிய எதிர்ப்பாற்றல் பால் வழியாகக் கடத்தப்படுகிறது என்பதை ஐயமின்றி நிறுவியவர் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக். அதற்கு அவர் பயன்படுத்திய பொருள்கள் இரண்டும் தென்காசியின் வேலியோரங்களில் வளர்பவை: ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கப்படும் ரிசின், குன்றிமணியிலிருந்து எடுக்கப்படும் அப்ரின். இரண்டும் கொடிய நச்சுப் புரதங்கள். சிறுசிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக்கொடுத்து, கொல்லும் அளவையும் தாங்கும் எலிகளை எர்லிக் உருவாக்கினார். 1892 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அத்தகைய தாய் எலிகளின் குட்டிகளைச் சாதாரணத் தாய்களிடமும், சாதாரணக் குட்டிகளை இந்தத் தாய்களிடமும் மாற்றி விட்டார். எதிர்ப்பாற்றல் பெற்ற தாயிடம் பால்குடித்த சாதாரணக் குட்டிகள் நஞ்சைத் தாங்கின. தந்தை எலியின் எதிர்ப்பாற்றல் குட்டிக்கு வரவே இல்லை. ஆகவே கடத்தப்படுவது பிறப்பின் மரபுப் பண்பு அன்று, தாய் கொடுக்கும் ஒரு பொருள் என்பது தெளிவாயிற்று. இத்தனை எளிய சோதனை இத்தனை பெரிய வினாவைத் தீர்த்து வைத்திருப்பது அறிவியல் வரலாற்றில் அரிது.

அதே ஆண்டில் எர்லிக்கும் லுட்விக் பிரீகரும், இசிவு நோய் நஞ்சுக்கு எதிராக ஒரு வெள்ளாட்டுக்கு எதிர்ப்பாற்றல் ஊட்டி, அதன் பாலில் காக்கும் பொருள் வெளிப்படுவதையும், அதனைச் செறிவாக்கி எடுக்க இயலும் என்பதையும் காட்டினர். கால்நடையின் மடியை மருந்து விளையும் இடமாகக் கருதிய முதல் முயற்சி இதுவே. 1922 இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை இறப்பதைப் பதிவு செய்தனர். 1950களில் மின்னசோட்டாவில் வில்லியம் பீட்டர்சன், தடுப்பூசி போட்ட பசுவின் பாலை மனித நோய்களுக்குத் தருவதை வலியுறுத்தினார். மூட்டுவலி முதல் பலவற்றுக்கும் அது மருந்தாகும் என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. வளர்ந்த மனிதனின் குடல் எதிர்ப்பொருளை முழுதாகக் குருதிக்குள் விடாது என்பதால், குடலுக்கு வெளியே உள்ள நோய்களுக்கு அந்த நம்பிக்கை நிலைபெறவில்லை. கன்றின் முதல் நாளில் பால் செய்யும் வேலையை மனித வயிற்றில் எதிர்பார்த்ததே பிழை. அப்படியானால் நோயே குடலுக்குள் இருந்தால்?

அந்த வினாவுக்கு விடையாக வந்தது ரோட்டா வைரஸ். 1973 இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் உடன்பணியாளர்களும், வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளின் குடல் திசுவில் சக்கர வடிவான இந்த வைரசைக் கண்டனர். சிறுகுடலின் குடலுறிஞ்சிகளின் நுனியில் உள்ள அணுக்களைத் தாக்கி அழித்து, நீரையும் உப்பையும் உடல் இழக்கச் செய்வது அது. 2013 இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2,15,000 குழந்தைகள் இதனால் இறந்ததாகவும், அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தியக் குழந்தைகள் என்றும் மதிப்பிடப்பட்டது. வைரஸ் வாழ்வதும் பெருகுவதும் குடற்சுவரிலேயே. ஆதலால் எதிர்ப்பொருள் குருதிக்குள் போகவேண்டிய கட்டாயம் இல்லை. குடலின் உட்புறத்தில் தங்கி, வைரசின் வெளிப்புரதங்களைப் பற்றி, அது அணுவில் ஒட்டாமல் தடுத்தால் போதும். மாட்டின் இம்யூனோகுளோபுலின் ஜி 1, வயிற்று அமிலத்தையும் செரிமான நொதிகளையும் ஓரளவு தாங்கவல்லது. விழுங்கியதில் ஒரு பங்கு செயல்படும் நிலையிலேயே குடலைச் சென்றடைகிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜெஃப்ரி டேவிட்சன் தலைமையில் நடந்து 1989 இல் வெளியான ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். மனித ரோட்டா வைரசுக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட பசுக்களின் சீம்பால், வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவினருக்குச் சாதாரண உணவுப்பால். ஒப்பீட்டுக் குழுவின் 65 குழந்தைகளில் 9 பேருக்கு ரோட்டா தொற்றியது. சீம்பால் குடித்த 55 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 1994 இல் இந்தியாவிலும் ஹாங்காங்கிலும் மருத்துவமனைக் குழந்தைகளிடம் இதே வழியில் தடுப்பு ஆராயப்பட்டது.

நோய் வந்தபின் கொடுத்தால் பயனுண்டா என்பதை டாக்காவில் இருக்கும் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையம் சோதித்து, 1998 இல் முடிவை வெளியிட்டது. ரோட்டா வயிற்றுப்போக்கோடு வந்த 80 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு 10 கிராம் சீம்பால் பொடி கொடுக்கப்பட்டது. அதில் எதிர்ப்பொருள் 3.6 கிராம். மறுபாதியினருக்கு ரோட்டா எதிர்ப்பொருள் இல்லாத ஒப்பீட்டுப் பொடி. மருந்து பெற்றோரின் மலத்தின் அளவு குறைந்தது, உப்புச் சர்க்கரைக் கரைசலின் தேவை குறைந்தது, வைரஸ் மலத்திலிருந்து மறைவதற்கு எடுத்த காலம் சராசரி மூன்று நாளிலிருந்து ஒன்றரை நாளாகச் சுருங்கியது. தென்காசி, டாக்கா இரண்டுக்கும் குழந்தைகளின் வயிற்றுநோய் பழகிய துன்பம். ஆகவே இம்முடிவு இங்குள்ளோர் கவனத்துக்கு உரியது.

இந்த வெற்றிக்குப் பக்கத்தில் ஒரு தோல்வியும் நிற்கிறது. சிலியில் வீட்டிலிருந்த குழந்தைகளுக்கு அன்றாடப் பால்மாவில் சிறிதளவு எதிர்ப்பொருள் கலந்து கொடுத்த பெரிய கள ஆய்வு 1992 இல் வெளியானபோது, வயிற்றுப்போக்கில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. பாலில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது வேறு, வைரசை மிஞ்சும் அளவில் இருக்கிறது என்பது வேறு. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கக்கூடும். சீம்பால் மாத்திரை என்றும் எதிர்ப்புப் பால் என்றும் இன்று சந்தையில் விளம்பரம் செய்யப்படும் பலவற்றை எடைபோட இந்த ஒரு வேறுபாடே போதும்: எந்தக் கிருமிக்கு எதிராக மாட்டுக்கு ஊசி போடப்பட்டது, ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று சொல்லாத பொடி, விலை உயர்ந்த புரதப்பொடி மட்டுமே.

டாக்கா அளவை வைத்துக் கணக்கிட்டால், ஒரு குழந்தைக்கு நான்கு நாளில் 14.4 கிராம் எதிர்ப்பொருள் வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஐந்து லிட்டர் சீம்பால் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவிடம் 250 கிராம் இருக்கும். கொழுப்பு நீக்கி, கேசீனைத் திரித்து அகற்றி, தெளிநீரை நுண்வடிகட்டியில் செறிவாக்கி உலர்த்தும் படிகளில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அது 17 குழந்தைகளுக்கு. இழப்பு எப்போதும் உண்டு. மேலும் ஒவ்வொரு மாட்டின் எதிர்ப்பொருள் அளவும் வேறுபடும் என்பதால் பல மாடுகளின் சீம்பாலைக் கலந்து, தொகுதி தொகுதியாக அளந்து சான்றளிக்கவேண்டும். இந்தச் செலவோடு போட்டியிட்டவை சில காசு மதிப்புள்ள உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும். ஏழை நாட்டு மருத்துவமனைகள் எதைத் தேர்ந்தன என்பதில் வியப்பில்லை; அந்தத் தேர்வு சரியானதும்கூட.

பிறகு தடுப்பு மருந்தே வந்தது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட ரோட்டாவாக் சொட்டு மருந்து 2014 இல் உரிமம் பெற்றது. 2017 முதல் தமிழ்நாட்டில் 6, 10, 14 ஆம் வாரங்களில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. கடும் நோயை அது பாதிக்குச் சற்று மேலான அளவில் தடுக்கிறது. பணக்கார நாடுகளில் ரோட்டாத் தடுப்பு மருந்துகள் காட்டும் பலனைவிட இது குறைவு. வேலூரில் பிறந்தது முதல் மூன்றாண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்ட 373 குழந்தைகளின் ஆய்வும், இங்கே மூன்று முறை இயற்கைத் தொற்று வந்தபின்னும் காவல் 79 விழுக்காடு மட்டுமே என்று 2011 இல் காட்டியது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாக ஐயுறப்பட்டது தாய்ப்பால். நான்கு நாட்டுத் தாய்மாரின் பாலை ஒப்பிட்ட 2010 ஆம் ஆண்டு ஆய்வில், இந்தியத் தாய்மாரின் பாலிலேயே ரோட்டா வைரசை முடக்கும் திறன் மிகுதியாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் வைரசை எதிர்கொண்டு வந்த தாயின் உடல், ஊசி போட்ட பசுவின் உடல் செய்வதையே செய்கிறது. அந்தப் பால் சொட்டு மருந்திலுள்ள பலவீனமான வைரசையும் முடக்கக்கூடும் அல்லவா? கன்றின் தடுப்பூசியைத் தாயின் சீம்பால் மறைப்பது போன்ற சிக்கல் இது. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் தாய்ப்பாலை நிறுத்திப் பார்த்த சோதனைகளில் பலன் கூடவில்லை. ஆகவே தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை என்பது உறுதியாயிற்று. அது மகிழ்ச்சிக்குரிய முடிவு.

ரோட்டாவுக்கு அப்பாலும் இந்த ஆய்வு நகர்ந்துள்ளது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் எச்.ஐ.வி.யின் உறைப் புரதத்தைச் சினைப்பசுக்களுக்குச் செலுத்தி, அவற்றின் சீம்பாலில் அந்த வைரசை முடக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை 2012 இல் காட்டினர். 2017 இல் அமெரிக்காவில் நான்கு கன்றுகளுக்கு அத்தகைய புரதம் செலுத்தப்பட்டபோது, அவற்றுள் ஒன்றின் குருதி 42 நாளில் பலவகை எச்.ஐ.வி.களில் 20 விழுக்காட்டையும் 381 நாளில் 96 விழுக்காட்டையும் முடக்கும் திறன் பெற்றது. எச்.ஐ.வி. தொற்றிய மனிதர்களில் சிறு பங்கினரே இத்தகைய திறனைப் பெறுகின்றனர், அதுவும் ஆண்டுகள் கழித்து. மாட்டின் எதிர்ப்பொருள்களில் சிலவற்றுக்கு, பற்றும் நுனியில் மனிதருடையதைவிடப் பலமடங்கு நீண்ட ஒரு நீட்சி உண்டு. வைரசின் சர்க்கரைக் கவசத்துக்கு இடையே புகுந்து மறைவிடத்தைத் தொட அது உதவுகிறது. கோவிட் காலத்தில் எஸ்தோனியாவின் டார்ட்டு நகர ஆய்வாளர்கள், கொரோனா வைரசின் கூர்முனைப் புரதத்தைப் பசுக்களுக்குச் செலுத்திப் பெற்ற சீம்பால் எதிர்ப்பொருளை மூக்கில் தெளிக்கும் மருந்தாக்க முனைந்தனர். குடல், மூக்கு, பெண்ணுறுப்பு என, வைரஸ் நுழையும் ஈரச் சவ்வின்மேலேயே எதிர்ப்பொருளை நிறுத்துவது இவை அனைத்துக்கும் பொதுவான முறை.

மடியையே தவிர்க்கும் வழிகளும் பிறந்துள்ளன. ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாவின் ஒருவகை எதிர்ப்பொருள் மிகச் சிறியது, வெப்பத்தைத் தாங்குவது. ரோட்டாவைப் பற்றும் லாமா எதிர்ப்பொருளின் துண்டு ஒன்றை ஈஸ்டில் உற்பத்தி செய்து டாக்கா குழந்தைகளுக்குக் கொடுத்த ஆய்வு 2013 இல் வெளியாகி, மலத்தின் அளவு குறைவதைக் காட்டியது. அதே துண்டை நெல்மணிக்குள் விளைவித்த ஜப்பானியர், 94 பாகை செல்சியசில் அரை மணி நேரம் வைத்தபின்னும் அது செயல்படுவதைக் கண்டனர். குளிர்ப்பதன வசதி குறைந்த ஊர்களுக்கு, அவித்தாலும் கெடாத எதிர்ப்பொருள் சீம்பாலைவிட எளிதாகப் போய்ச்சேரும்.

எனினும் பால்வழி எதிர்ப்பொருள் ஐயமின்றி வென்ற களம் ஒன்று உண்டு, அது கன்றின் களம். கன்றுக் கழிச்சலுக்குக் காரணமான மாட்டு ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், ஈ.கோலை பாக்டீரியா ஆகியவற்றுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசியைச் சினைமாட்டுக்குப் போடுவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக நடைமுறை. குடல் அடைபட்டபின்னும், முதல் இரண்டு வாரங்கள் அந்தத் தாயின் பாலையோ சேமித்த சீம்பாலையோ கன்றுக்குத் தொடர்ந்து ஊட்டினால், எதிர்ப்பொருள் குடலிலேயே தங்கிக் கழிச்சலைத் தடுக்கிறது. டாக்கா குழந்தையின் குடலில் நடந்ததும் இதுதான். தென்காசி வட்டாரத்துக்கு இம்முறை வருமானால் அதற்கு வழிகாட்டத் தக்க தொலைவில், திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும். அந்தப் பங்கைக் கன்றிடமிருந்து எடுத்து விற்கும் எந்தத் தொழிலும் ஏற்கத்தக்கதன்று. நல்ல கறவைப் பசுவிடம் அதற்கு மேலும் மிஞ்சும். மிஞ்சியதை உறைநிலைப் பெட்டியில் வைத்தால் ஓராண்டு வரை கெடாது. தாயை இழந்த கன்றுக்கும், மடிநோய் கண்ட பசுவின் கன்றுக்கும் வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்து உருக்கிக் கொடுக்கலாம். எந்தச் சீம்பால் சேமிக்கத் தக்கது என்று அறிய, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கரும்பு வயல்களில் சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியே போதும். ஒரு துளி சீம்பாலை அதன் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்தில் பார்க்கும்போது அளவுகோல் 22 அல்லது அதற்கு மேல் காட்டினால், அந்தப் பாலில் லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்பொருளேனும் இருக்கிறது.